கிராப் பல்சாரில் எக்ஸ்-கதிர் முகடு ரேடியோவை முந்துகிறது: பிழை கேமராவிலா, விண்மீனிலா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இது: எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் செயற்கைக்கோளின் எபிக்-பிஎன் கேமரா பர்ஸ்ட் என்ற அதிவேக முறையில் எடுத்த கிராப் பல்சார் (வேகமாகச் சுழன்று சீராகத் துடிக்கும் விண்மீன்) தரவை இறக்கி, ஜோட்ரெல் பேங்க் ரேடியோ ஆய்வகத்தின் மாதாந்திர அட்டவணையை வைத்து மடித்துப் பார்த்திருக்கிறீர்கள், அதாவது தரவைத் துடிப்புக் காலம் வாரியாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கிறீர்கள். ரேடியோவின் முதன்மை முகடு கட்டம் 0-இல் (கட்டம் என்பது ஒரு சுழற்சியில் எந்தப் பங்கு என்பது) இருக்க, எக்ஸ்-கதிர் முகடு 0.991-இல் விழுகிறது, சுமார் 300 மைக்ரோசெகண்ட் முந்திவிட்டது. கேமராவின் கடிகாரம் அவ்வளவு தப்பா என்று கேட்கிறீர்கள். கூடவே, தானே நாளுக்கு நாள் மெதுவாகிவரும் ஒரு விண்மீனை வைத்துக் கடிகாரத்தைச் சோதிப்பது எப்படிச் செல்லும் என்றும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: மடித்த வரைபடத்தில் தெரியும் விலகலை யார் கணக்கில் எழுதுவது? கேமரா, ரேடியோ தொலைநோக்கி, விண்மீன், நடுவில் நீங்கள் போட்ட கணக்கு என்று நாலு பேர் மேல் சந்தேகப்பட இடம் இருக்கிறது.

உங்கள் 300 மைக்ரோசெகண்டில் பெரும்பகுதி விண்மீனுடையது. கிராப்பின் எக்ஸ்-கதிர் முகடு உண்மையிலேயே ரேடியோ முகட்டுக்கு முன்னால் வருகிறது. ஆர்.எக்ஸ்.டி.இ. செயற்கைக்கோள் தந்த மதிப்பு 344, பிழை வரம்பு 40 மைக்ரோசெகண்ட். இன்டெக்ரல் தந்தது 280, அதிலும் பிழை 40. எக்ஸ்.எம்.எம்.-இன் பிஎன் கேமராவில் பல வருட அளவீடுகளின் சராசரி 306, பிழை 9. காமா கதிரில் ஃபெர்மி கண்டது 281. அதில் புள்ளியியல் பிழை 12, முறைப்பிழை 21. ஒளியலையிலும் முகடு ரேடியோவை முந்துகிறது, இதைவிடக் கொஞ்சம் குறைவாக. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மின்னணுவியல், வேறு வேறு சுற்றுப்பாதை, வேறு வேறு தரைநிலையம். எல்லோருடைய கடிகாரமும் ஒரே திசையில் ஒரே அளவு தப்பியிருக்கும் என்பது நம்பக்கூடியதல்ல.

ஆனால் இதில் ஒரு வளையம் ஒளிந்திருக்கிறது, உங்கள் சந்தேகம் அதைத்தான் தொடுகிறது. எக்ஸ்.எம்.எம். தரவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கேமராவில் நிலையாக இருக்கும் 50 மைக்ரோசெகண்ட் தாமதத்தையும் விண்மீனின் 300 மைக்ரோசெகண்ட் முந்தலையும் பிரிக்கவே முடியாது. கூட்டுத்தொகை மட்டுமே தெரியும். பல்சார் நேரடியாகச் சோதித்துக் காட்டுவது கடிகாரத்தின் நிலைத்தன்மையை. அதன் பூஜ்யப் புள்ளி எங்கே என்பது, வேறு வழியில் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தோடு கட்டப்பட்ட கருவிகளோடு ஒப்பிட்டால்தான் கிடைக்கும். ஆர்.எக்ஸ்.டி.இ.யின் கடிகாரம் 1997 ஏப்ரலுக்குப் பிறகு 2.5 மைக்ரோசெகண்டுக்குள் யு.டி.சி.யோடு பொருந்தியிருந்தது. ஃபெர்மி ஜி.பி.எஸ். வழியாக 1 மைக்ரோசெகண்டுக்குள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2017 முதல் இருக்கும் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி நைசர், அதே ஜி.பி.எஸ். வழியில் 100 நானோசெகண்ட் அளவில். பூஜ்யத்தை நட்டு வைத்தவை இவைதான்.

இந்த வேறுபாட்டுக்குத் துறையில் இரண்டு சொற்கள் உண்டு: சார்புத் துல்லியம், தனித் துல்லியம். முதலாவது, கடிகாரம் ஓடும் வேகம் சரியா என்பது. தரவிலிருந்து நேரடியாகத் தேடிக் கண்ட துடிப்புக் காலத்தை ரேடியோ தரும் காலத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் காலத்தால் வகுக்க வேண்டும். பிஎன்னுக்கு இது 10 கோடியில் ஒரு பங்குக்குள் இருக்கிறது. இரண்டாவது, ஒரு போட்டான் வந்த கணம் உலக நேரத்தில் எது என்பது. பிஎன்னில் ஆண்டுக்கணக்கான கிராப் அளவீடுகளின் சிதறல் 48 மைக்ரோசெகண்ட் என்று 2012-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது படுமோசமாக இருக்கலாம். முழுதாக ஒரு நொடி தள்ளி ஓடும் கடிகாரத்திலும் துடிப்புக் காலம் அச்சுக்கு அச்சு சரியாகவே வரும்.

மெதுவாகும் விண்மீனை எப்படி நம்புவது? தேயும் படிக்கல்லாக இருந்தாலும், எவ்வளவு தேய்ந்தது என்று மாதாமாதம் எழுதி வைத்திருந்தால் தராசைச் சோதிக்க அது போதும். கிராப் இப்போது நொடிக்குச் சுமார் 29.55 முறை சுழல்கிறது, காலம் 33.8 மில்லிசெகண்ட். ஒரு நாளைக்கு இந்தக் காலம் சுமார் 36 நானோசெகண்ட் நீள்கிறது. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் அதிர்வெண் குறைவதைக் கணக்கில் சேர்க்காமல் மடித்தால், ஒரு மணி நேரத்திலேயே கட்டம் 80 மைக்ரோசெகண்ட் நகர்ந்துவிடும், மூன்று மணி நேரத்தில் 0.7 மில்லிசெகண்ட், ஒரு நாளில் ஒரு முழுச் சுற்றுக்கும் மேல். அதனால்தான் இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் ஆய்வகம் 1982 முதல் இந்தப் பல்சாரைத் தொடர்ந்து கவனித்து, ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்கான அதிர்வெண், அது குறையும் வீதம், முதன்மைத் துடிப்பு வந்த நேரம், அந்த நேரத்தின் பிழை எல்லாவற்றையும் அட்டவணையாக வெளியிடுகிறது. அந்தக் கடைசிப் பிழைப் பத்தியைப் பலர் பார்ப்பதே இல்லை. அங்கே பெரிய எண் இருக்கும் மாதத்தில், உங்கள் எக்ஸ்-கதிர் முகட்டை 5 மைக்ரோசெகண்ட் துல்லியத்தில் பொருத்தினாலும் பயன் கிடையாது.

இன்னொன்று, திடீர்த் துள்ளல்கள். இதுவரை கண்டவற்றில் பெரியது 2017 நவம்பர் 8-இல் நடந்தது. அதிர்வெண் ஏறத்தாழ 20 லட்சத்தில் ஒரு பங்கு சட்டென ஏறியது. பழைய எண்களையே வைத்துக்கொண்டு மடித்தால் ஒரு நாளைக்கு 40 மில்லிசெகண்டுக்கு மேல் கட்டம் வழுவும். அது துடிப்புக் காலத்தையே விட அதிகம். ஆகவே நேரச் சோதனைக்குத் தரவு தேர்ந்தெடுக்கும்போது, அந்தத் தேதிக்கு முன்பின் துள்ளல் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். துள்ளலுக்கு இரு பக்கமும் உள்ள இரண்டு மாத வரிகளுக்கு இடையே இடைச்செருகல் போடுவது சுத்தத் தவறு.

இனி கேமராவின் பக்கம். போட்டான் வந்து விழுந்த கணத்துக்கும், கோப்பில் பதிவான நேரத்துக்கும் நடுவே நீண்ட சங்கிலி இருக்கிறது. சி.சி.டி. கேமராவில் முதல் கணு, வாசிப்பு முறை. பிஎன் கேமராவின் முழுச்சட்ட முறையில் ஒரு சட்டம் 73.4 மில்லிசெகண்ட். கிராப் அதற்குள் இரண்டு சுற்று சுற்றிவிடும், துடிப்பு எதுவும் தெரியாது. சிறுசாளர முறையில் 5.7 மில்லிசெகண்ட், இது 50 மில்லிசெகண்ட் காலமுள்ள பி0540-69, 150 மில்லிசெகண்ட் அளவுள்ள பி1509-58 போன்றவற்றுக்குப் போதும். டைமிங் முறையில் 0.03 மில்லிசெகண்ட், பர்ஸ்ட் முறையில் 7 மைக்ரோசெகண்ட். கிராப் அவ்வளவு பிரகாசம் என்பதால் டைமிங் முறையில் போட்டான்கள் ஒன்றன்மேல் ஒன்று குவியும், தரவு அனுப்பும் வழியும் அடைபடும். அதனால் பர்ஸ்ட்; அதில் கேமரா 3 சதவீத நேரம்தான் விழித்திருக்கும், ஆனால் கிராப்புக்கு அது தாராளம். இந்த வேக முறைகளில் எலக்ட்ரான்கள் வரிசை வரிசையாக நகர்த்தப்பட்டு வாசிக்கப்படுவதால், மூலம் எந்த வரிசையில் விழுந்தது என்று மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தப்பான வரிசையைக் கொடுத்தால் எல்லா நேரமும் ஒரே அளவு தள்ளும். காலம் சரியாக வரும், கட்டம் மட்டும் தப்பும். கண்டுபிடிக்கக் கஷ்டமான வகை இது.

சந்திரா எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோளின் ஏசிஸ் கேமராவில் இதே சங்கதி இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. தொடர் வாசிப்பு முறையில் ஒரு வரிசைக்கு 2.85 மில்லிசெகண்ட். மூலம் விழுந்த இடத்திலிருந்து வாசிப்பு முனை வரை நூற்றுக்கணக்கான வரிசைகள் இருப்பதால், வாசித்த நேரத்துக்கும் விழுந்த நேரத்துக்கும் இடைவெளி நொடிக்கணக்கில் போகிறது. போதாக்குறைக்குத் தொலைநோக்கியை வேண்டுமென்றே மெல்ல ஆட்டுகிறார்கள். 8 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வீச்சில் ஆடினால் மூலம் இரு பக்கமும் 16 பிக்சல் அலையும். நேரத்தில் அது 46 மில்லிசெகண்ட். கிராப்பின் காலத்தைவிட அதிகம். அந்த ஆட்டத்தைத் திருத்தாமல் மடித்தால் துடிப்பு கரைந்துபோய்ச் சமவெளிதான் மிஞ்சும்.

சந்திராவின் இன்னொரு கேமரா எச்.ஆர்.சி. இதில் நடந்தது, பல்சார் சோதனை ஏன் தேவை என்பதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்லும் உதாரணம். அதன் நேரப் பகுப்பு 16 மைக்ரோசெகண்ட், காகிதத்தில் அருமை. 1999-இல் ஏவிய பிறகு கிராப்பைப் பார்த்தபோது துடிப்பு மழுங்கி வந்தது. காரணம் ஒரு வயரிங் பிழை: ஒவ்வொரு நிகழ்வின் நேரமுத்திரையும் அதற்கு அடுத்த நிகழ்வின் மேல் விழுந்துகொண்டிருந்தது. எல்லா நிகழ்வும் பூமிக்கு வந்து சேர்ந்தால் சரிசெய்வது சுலபம், நேரப் பத்தியை ஓரிடம் நகர்த்தினால் முடிந்தது. ஆனால் கேமராவே சில நிகழ்வுகளைத் தள்ளிவிடுகிறது. நொடிக்கு 184-க்கு மேல் போனால் தரவு வழியும் நிரம்பிவிடுகிறது. நடுவில் ஒன்று விடுபட்டால் எந்த நேரம் யாருடையது என்று தெரியாது. அதனால்தான் எச்.ஆர்.சி.-எஸ் கருவியில் நடுத் துண்டை மட்டும் இயக்கி, மொத்த எண்ணிக்கையை வரம்புக்குள் அடக்கும் தனி முறை வந்தது. இப்படிப்பட்ட பிழை தரைச் சோதனையில் தப்பிவிடும். சீரான இடைவெளியில் துடிக்கும் பிரகாசமான மூலம் ஒன்று வானத்தில் இருந்ததால்தான் பிடிபட்டது.

சங்கிலியின் அடுத்த கணு, செயற்கைக்கோளின் சொந்த அலையாக்கி, அதாவது அதன் கடிகாரத்தை ஓட்டும் மின்சுற்று. ஜி.பி.எஸ். இருக்கும் கருவிகளுக்கு இது சின்னத் தொல்லை. எக்ஸ்.எம்.எம். 48 மணி நேர நீள்வட்டப் பாதையில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போய்வரும் பழைய செயற்கைக்கோள், அதில் ஜி.பி.எஸ். இல்லை. ஒரு தரவுச் சட்டம் தரைநிலையத்துக்கு வந்த யு.டி.சி. நேரத்தைக் குறித்து, அதிலிருந்து சமிக்ஞை பயணித்த நேரம், செயற்கைக்கோளுக்குள் ஆன தாமதம், தரைநிலையத்தில் ஆன தாமதம் மூன்றையும் கழித்து, உள்கடிகாரத்தோடு ஒரு வளைகோடு பொருத்துகிறார்கள். செயற்கைக்கோள் இருக்கும் தூரத்தில் 30 கிலோமீட்டர் தப்பினால் 100 மைக்ரோசெகண்ட் போயிற்று. இது போக பிஎன் கேமராவின் சொந்தக் குவார்ட்ஸ் வெப்பநிலைக்கேற்ப லேசாக அலையும். எப்போதாவது சட்ட எண்ணிக்கையில் முழு நொடி ஒன்று குதிக்கும். இந்தக் குதிப்புகளை மென்பொருள் தானே தேடித் திருத்துகிறது. திருத்தியது என்று அப்படியே நம்பிவிடாமல், தரவை ஐந்தாறு துண்டுகளாக வெட்டித் தனித்தனியாக மடித்துப் பாருங்கள். ஒரு துண்டில் முகடு சட்டென இடம் மாறியிருந்தால் குதிப்பு ஒன்று தப்பிவிட்டது என்று பொருள். மெதுவாக ஒரே பக்கம் சாய்ந்தால் அதிர்வெண்ணிலோ கடிகார வேகத்திலோ கோளாறு.

வெப்பநிலையின் கதை நூஸ்டார் என்ற எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோளில் இன்னும் தெளிவாகத் தெரியும். அதன் அலையாக்கி வெப்ப ஈடு செய்யப்பட்டதுதான். இருந்தும் நிழலிலும் வெயிலிலும் மாறி மாறிச் சுற்றும்போது வேகம் அலைந்தது. தரைநிலையத் தொடர்புகளுக்கு நடுவே வெறுமனே கோடு இழுத்ததால் பிழை 2 மில்லிசெகண்ட் அளவில் நின்றது. வெப்பநிலைப் பதிவை வைத்து அலையாக்கியின் நடத்தையை மாதிரியாக எழுதிய பிறகு அது சுமார் 65 மைக்ரோசெகண்டுக்கு இறங்கியது. 2021-இல் வெளியான வேலை இது. அதே கருவியில் வேறொரு பொறியும் உண்டு. ஒரு நிகழ்வைப் படிக்க 2.5 மில்லிசெகண்ட் ஆகும், அதுவரை கேமரா குருடு. கிராப் போன்ற பிரகாசமான மூலத்தில், முகடு வரும்போது நிறையப் போட்டான்கள் வந்து கேமராவை அடைத்துவிடுவதால் துடிப்பின் வடிவமே கோணலாகும். கட்டம் வாரியாக விழிப்பு நேரத்தைக் கணக்கிட்டு வகுக்காமல் முகட்டைப் பொருத்தினால், கடிகாரம் சரியாக இருந்தும் தப்பான பதில் வரும்.

அடுத்தது உங்கள் கையில் இருக்கும் வேலை: நேரங்களைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றுவது. அனுபவத்தில், புதிதாகச் செய்பவர்களுக்கு வரும் விலகல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன. சூரியனிலிருந்து பூமியின் சுற்றுப்பாதைக்கு வர ஒளிக்கு ஆகும் நேரம் 499 நொடி. பல்சாரின் இடத்தை ஒரு வில்நொடி தப்பாகக் கொடுத்தால் அதிகபட்சம் 2.4 மில்லிசெகண்ட் போகும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும் பிரகாசத்தின் மையத்தை எடுத்துப் போடாதீர்கள், பல்சாரைச் சூழ்ந்த வாயு மேகமான நெபுலா அதை இழுத்திருக்கும். ஜோட்ரெல் பேங்க் அட்டவணையிலேயே போட்டிருக்கும் இடத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே பயன்படுத்துங்கள். அந்த இடம் கொஞ்சம் தப்பாகவே இருந்தாலும், ரேடியோவிலும் எக்ஸ்-கதிரிலும் ஒரே தப்பு இருந்தால் கழித்தலில் போய்விடும். சூரியக் குடும்பக் கோள்களின் இருப்பிட அட்டவணைக்கும் இதே விதிதான். அந்த மாதாந்திர அட்டவணை டி.இ.200 என்ற பழைய பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, நீங்கள் புதிய டி.இ.405-ஐப் போட்டால் மில்லிசெகண்ட் அளவுக்கு விலகல் வரலாம். புதியது துல்லியமானது என்பதெல்லாம் சரி, இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இங்கே முக்கியம்.

இட வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எக்ஸ்.எம்.எம். தரவில் ஒரு நல்ல தடயம் இருக்கிறது. சூரியனிலிருந்து ஏறத்தாழச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தை மட்டுமே அது பார்க்க முடியும் என்பதால், கிராப் அதற்கு மார்ச்சையும் செப்டம்பரையும் ஒட்டிய வாரங்களில்தான் கிடைக்கும். அந்த இரண்டு சமயத்திலும் இடப்பிழையின் விளைவு உச்சத்தில் இருக்கும், ஆனால் எதிரெதிர்த் திசையில். 0.1 வில்நொடி தப்பு இருந்தால், வசந்த கால அளவீடுகள் ஒரு பக்கம் 0.24 மில்லிசெகண்டும் இலையுதிர் கால அளவீடுகள் மறுபக்கம் அதே அளவும் விலகும். எல்லா வருடத்தையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் இது மறைந்துபோய், சிதறல் மட்டும் காரணம் தெரியாமல் பெருத்திருக்கும். வருடத்தில் பாதி வாரியாகப் பிரித்து வரைந்து பாருங்கள்.

நேர அளவைகளும் ஒரு பொறி. கோப்பில் இருக்கும் நொடிகள் எந்தக் கணத்திலிருந்து எண்ணப்படுகின்றன என்பதைத் தலைப்புப் பகுதியில் பாருங்கள். எக்ஸ்.எம்.எம்.முக்கு அது 1998 தொடக்கம். நூஸ்டாரில் முழு நாள் எண்ணோடு 66.184 நொடி என்ற சில்லறை தனியாக எழுதப்பட்டிருக்கும். 2010 தொடக்கத்தில் அணுநேரத்துக்கும் யு.டி.சி.க்கும் இருந்த 34 நொடி வித்தியாசமும், பூமி நேரத்துக்கான 32.184 நொடியும் சேர்ந்தது அது. சில்லறையை விட்டுவிட்டு முழு நாளை மட்டும் எடுப்பவர்கள் நிறையப் பேர். பூமி நேரத்துக்கும் நிறைமைய நேரத்துக்கும் வருடாந்திர வித்தியாசம் 1.7 மில்லிசெகண்ட் வரை போகும் என்பதால், மாற்றிய கோப்பின் தலைப்பில் டி.டி.பி. (நிறைமைய நேரம்) என்று இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. கணினியின் இரட்டைத் துல்லிய எண்ணில் ஐந்திலக்க நாள் எண்ணை வைத்தால், அதன் நுண்மை சுமார் 0.6 மைக்ரோசெகண்டோடு நின்றுவிடும். முழு நாளையும் பின்னத்தையும் தனித்தனி மாறிகளில் வையுங்கள். அட்டவணை தரும் கணத்தை முதலில் கழித்துவிட்டு, பிறகு அதிர்வெண்ணால் பெருக்குங்கள்.

ரேடியோ பக்கம் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். வழியில் இருக்கும் எலக்ட்ரான்கள் ரேடியோ அலையைத் தாமதப்படுத்தும். அதிர்வெண் குறையக் குறையத் தாமதம் கூடும். வழியில் உள்ள மொத்த எலக்ட்ரான்களைக் குறிக்கும் டி.எம். எண் கிராப்புக்குச் சுமார் 56.8. இதனால் 610 மெகாஹெர்ட்ஸில் துடிப்பு 0.63 நொடி தாமதமாகவும், 330 மெகாஹெர்ட்ஸில் சுமார் 2.2 நொடி தாமதமாகவும் வந்து சேர்கிறது. அட்டவணை தருவது இந்தத் தாமதத்தைக் கழித்த நேரம். டி.எம். எண் நிலையாக இருந்தால் கவலையில்லை. நெபுலாவுக்குள் இழைகள் நகர்வதால் அது நூற்றில் ஒன்றிரண்டு பங்கு அலகு மாறிக்கொண்டே இருக்கிறது. 0.01 மாறினால் 610 மெகாஹெர்ட்ஸில் 110 மைக்ரோசெகண்ட், 330-இல் 380 மைக்ரோசெகண்ட். குறைந்த அதிர்வெண்ணில் துடிப்புக்கு வால் முளைத்து முகடு பின்னால் சரிவதும் உண்டு. ஆர்.எக்ஸ்.டி.இ. மதிப்பில் இருக்கும் 40 மைக்ரோசெகண்ட் பிழையில் பெரும்பங்கு ரேடியோ பக்கத்தது. அந்தச் செயற்கைக்கோளின் கடிகாரம் அதைவிடப் பல மடங்கு நல்லது.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் இருக்கிறது. 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தக் கடிகாரம். குறித்த இடைவெளியில் அதைச் செயற்கைக்கோளின் ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒப்பிட்டு ஒரு பொருத்த அட்டவணை பதிவாகும். அதன் சி.இசட்.டி.ஐ. என்ற எக்ஸ்-கதிர்க் கருவியைச் சோதிக்க, கிராப்பை ஃபெர்மியிலும், புனே அருகே உள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியிலும், ஊட்டியை அடுத்த முத்தோரையில் மலைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியிலும் ஒரே காலகட்டத்தில் பார்த்தார்கள். ஃபெர்மியோடு ஒப்பிட்டபோது ஐந்து மில்லிசெகண்டுக்குச் சற்றுக் குறைவான நிலையான விலகல் தெரிந்தது. அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. நிலையான விலகலைத் தெரிந்துகொண்டுவிட்டால் கழித்துவிடலாம். கருவி கெட்டது என்று அதற்குப் பொருளில்லை. ரேடியோ தொலைநோக்கிகளுக்கும் இப்படிச் சொந்த விலகல்கள் உண்டு, அவற்றையும் அதே ஆய்வில்தான் கண்டார்கள். ஒரே நாட்களில் பார்த்ததன் லாபம் இன்னொன்று: பல்சாரின் தாறுமாறான ஓட்டத்தை மாதாந்திர அட்டவணையிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

மடித்த பிறகு முகட்டை எப்படிக் குறிப்பது என்பதிலும் சில பத்து மைக்ரோசெகண்ட் ஒளிந்திருக்கிறது. ஒரு சுழற்சியை 300 பெட்டிகளாகப் பிரித்தால் ஒன்றுக்கு 113 மைக்ரோசெகண்ட். அதிக எண்ணிக்கை வரும் பெட்டியை முகடு என்று எடுப்பது போதாது. கிராப்பின் எக்ஸ்-கதிர் முகடு சமச்சீரில்லை. ஏற்றம் சாய்வாகவும் இறக்கம் செங்குத்தாகவும் இருக்கும். பரவளைவைப் பொருத்தினால், எந்த அகலத்தில் பொருத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை பத்திருபது மைக்ரோசெகண்ட் நகரும். எது சரி என்பதைவிட, ஒப்பிடும் எல்லாத் தரவுக்கும் ஒரே அகலம், ஒரே வளைவு, ஒரே ஆற்றல் வரம்பு வைத்திருப்பது மேல். ஆற்றல் கூடக் கூட ரேடியோவோடு உள்ள இடைவெளி மெல்லக் குறைகிறது என்று இன்டெக்ரல் அளவீடுகள் காட்டுகின்றன. மேலே சொன்ன 306-க்கும் 280-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி இதனாலேயே இருக்கலாம். இரண்டாம் முகடு 0.4 கட்டம் தள்ளி வருகிறது. அதன் உயரம் ஆற்றலோடு மாறுவதால் முழுத் துடிப்பையும் ஒரே அச்சாக வைத்துப் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த முறைக்கு உள்ள பெரிய குருட்டுப் புள்ளி, முழுச் சுற்றுகள். 33.8 மில்லிசெகண்டோ அதன் மடங்கோ கடிகாரம் தள்ளியிருந்தால் கிராப் வரைபடம் மாறவே மாறாது. அதற்குக் காலம் வேறான இன்னொரு பல்சாரையும் பார்க்க வேண்டும்: 89 மில்லிசெகண்ட் காலமுள்ள வேலா, 16 மில்லிசெகண்ட் காலமுள்ள ஜே0537-6910, முன்பு சொன்ன பி1509-58. எல்லாவற்றின் காலத்துக்கும் ஒரே நேரத்தில் மடங்காக அமையும் பிழை அபூர்வம். லீப் நொடியைத் தவறவிட்டதுபோல முழு ஒரு நொடி தப்பினால் அது கிராப்பிலேயே தெரியும்: 29.55 சுற்று என்பதால் முகடு 0.55 கட்டம் தள்ளி நிற்கும். அதிர்வெண் வருடத்துக்கு 0.0117 குறைவதால் அந்த விலகலும் வருடத்துக்கு 0.4 மில்லிசெகண்ட் வீதம் ஊரும். வருடக்கணக்காகச் சீராக ஊரும் விலகலைக் கண்டால் முதலில் முழு நொடிப் பிழையைச் சந்தேகிப்பேன். நொடியின் பெரிய பின்னங்களைச் சரிபார்க்க, காமா கதிர் வெடிப்பு ஒன்றை இரண்டு செயற்கைக்கோள்கள் ஒரே சமயத்தில் பார்த்த பதிவுகளை ஒப்பிடுவதும் வழக்கம்.

எது உறுதி, எது இல்லை என்று கேட்டால்: எக்ஸ்-கதிர் முகடு 300 மைக்ரோசெகண்டை ஒட்டி முந்துகிறது என்பது உறுதி. பிஎன் கேமரா 50 மைக்ரோசெகண்ட் அளவில் நம்பத்தக்கது என்பதும் உறுதி. ஏன் முந்துகிறது என்பது அவ்வளவு உறுதியில்லை. ஒளியின் வேகத்தால் பெருக்கினால் 90 கிலோமீட்டர் வருகிறது. எக்ஸ்-கதிர் அவ்வளவு மேலே பிறக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் காந்தமண்டலம் வளைந்து சுழல்வதால் கட்ட வித்தியாசத்தை நேராக உயரமாக மாற்றுவது ஒரு மாதிரியைச் சார்ந்த வாதம். கேமராச் சோதனைக்கு அந்த விளக்கம் தேவையும் இல்லை. இடைவெளி வருடத்துக்கு வருடம் மாறாமல் இருப்பது மட்டுமே தேவை. பத்து மைக்ரோசெகண்டுக்குக் கீழே அதைக் கிராப்பை வைத்து நிரூபிப்பது, டி.எம். அலைவதால் கடினம்.

அதைவிட நுண்மை வேண்டுமானால் கிராப்பை விட்டுவிட்டு மில்லிசெகண்ட் பல்சார்களுக்குப் போக வேண்டும். 1.56 மில்லிசெகண்ட் காலமுள்ள பி1937+21, எம்28 விண்மீன் கொத்தில் இருக்கும் 3.05 மில்லிசெகண்ட் காலமுள்ள பி1821-24 இரண்டுக்கும் எக்ஸ்-கதிர் முகடு கூர்மையாக இருக்கிறது, ஓட்டமும் கிராப்பைவிட எவ்வளவோ சீரானது. விலை என்னவென்றால் அவை மங்கல். கிராப்பில் சில நிமிடங்களில் கிடைக்கும் முகட்டுக்கு இவற்றில் நாள்கணக்கான தரவைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் அத்தனை நாளும் கடிகாரம் அலையாமல் இருந்திருக்க வேண்டும். நைசர் போன்ற கருவிக்கு அது கட்டுப்படியாகும். பிஎன்னுக்கு ஆகாது. உங்கள் தரவில் அடுத்து செய்யத்தக்கது, அதே தேதிக்கு அருகில் நைசர் பார்த்த கிராப் தரவை எடுத்து, இரண்டுக்கும் பொதுவான ஆற்றல் வரம்பில் அதே இடம், அதே டி.இ.200, அதே பொருத்த அகலம் வைத்து மடிப்பது. அப்போது ரேடியோவே கணக்கிலிருந்து விழுந்துவிடும். மிஞ்சும் வித்தியாசத்தைத் தயங்காமல் கேமராவின் பேரில் எழுதலாம்.